மைதா இல்லாத கிறிஸ்துமஸ் பழக் கேக்: அரிசியும் பாதாமும் சேர்த்துச் சுடும் முறை

என் அக்கா மகளுக்கு 7 வயதில் சீலியாக் நோய் என்று தெரிந்தது, கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கும் நோய். அந்த டிசம்பரில் பாளையங்கோட்டை வீட்டில் எல்லாரும் கேக் தட்டைச் சுற்றி நிற்க, அவள் மட்டும் ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு வாசல்படியில் போய் உட்கார்ந்தாள். "எனக்கு வேண்டாம் சித்தி, வயிறு வலிக்கும்" என்றாள், யாரும் கேட்பதற்கு முன்பே. அடுத்த கிறிஸ்துமஸுக்குள் இவளுக்கென்று ஒரு கேக் சுட்டே தீருவது என்று இறங்கினேன். முதல் ஐந்தும் உதிர்ந்தன, அமுங்கின, களியாயின. ஆறாவது நிமிர்ந்து நின்றது. அதற்குப் பிறகு சின்னச் சின்ன மாற்றங்கள்தான். அந்தச் செய்முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

செய்முறைக்குப் போகுமுன் ஒரு வார்த்தை. வயிறு உப்புகிறது, கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். சீலியாக்கைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனை, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செய்தால்தான் சரியாகக் காட்டும். நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். முதலில் டாக்டர், பிறகு கேக்.

கோதுமை ஒளிந்திருக்கும் இடங்கள்

மைதாவை விட்டுவிட்டால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். குளூட்டன் என்பது கோதுமையிலும் அதன் சொந்தக்காரர்களான பார்லி, ரை ஆகியவற்றிலும் இருக்கும் புரதம். ரவையும் கோதுமைதான், சேமியாவும் சம்பா ரவையும் கோதுமைதான். இலங்கைக் கிறிஸ்துமஸ் கேக்கில் மைதா கிடையாது, ரவை போடுவார்கள். அதனால் அது இவளுக்கு ஆகும் என்று யாரோ சொல்ல, நல்லவேளையாகக் கொடுப்பதற்கு முன் அக்கா தடுத்தாள். மால்ட் பானப் பொடிகளில் பார்லி. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கேக்கில் பெருங்காயம் போடப்போவதில்லை, ஆனால் அதே கரண்டி ரசத்திலிருந்து வந்திருக்கலாம்.

அளவைச் சொன்னால்தான் இதன் தீவிரம் புரியும். ஒரு கிலோ உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்குள் இருந்தால்தான் இந்தியாவில் அதை 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட்டு விற்கலாம். நாம் சுடப்போகும் கேக் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. கணக்குப் போட்டால் மொத்தக் கேக்குக்கும் 30 மில்லிகிராம். அரை கிராம் மைதா விழுந்தாலே அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். சல்லடையின் விளிம்பில் போன மாதம் ஒட்டிய மாவு அவ்வளவு இருக்கும்.

ஆகவே பாத்திரங்கள். சல்லடை புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள், பழையதை எவ்வளவு கழுவினாலும் கண்ணிகளில் மாவு நிற்கும். மரக்கரண்டியும் புதிது. கீறல் விழுந்த நான்ஸ்டிக் டின் வேண்டாம். மடிப்புள்ள பழைய டின் என்றால் உள்ளே முழுக்கத் தாள் போர்த்தியே ஊற்றவேண்டும். வெண்ணெய் புதுப் பொட்டலமாக இருக்கட்டும். ரொட்டியில் தடவிய கத்தி போய்வந்த டப்பா ஆகாது. ஓவனின் அடித்தட்டில் கிடக்கும் பழைய துணுக்குகளைத் துடைத்தெடுங்கள். அன்றைக்கு அடுப்படியில் சப்பாத்தி கிடையாது. மைதா காற்றில் பறந்து ஒரு மணி நேரம் கழித்தும் இறங்கிக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தவள் முதல் வருடம் எங்கே கோட்டை விட்டேன் தெரியுமா? மாவு மில்லில். பச்சரிசியைக் களைந்து, நிழலில் காயவைத்து, தூக்குச்சட்டியில் போட்டுத் தெருமுனை மில்லுக்குக் கொண்டுபோனேன். எனக்கு முந்தின ஆள் கோதுமை அரைத்துவிட்டுப் போயிருக்கிறார். எல்லா மில்லிலும் நடப்பதுதான், மில்காரருக்கு அதில் ஒரு குற்றமும் தெரியாது. முதல் இரண்டு கைப்பிடி மாவு லேசாகப் பழுப்பாக விழுந்ததைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. குழந்தைக்கு இரண்டு நாள் வயிற்றுவலி. அன்றிலிருந்து அரிசி மாவு வீட்டு மிக்ஸியில்தான், அதற்கென்று ஒதுக்கிய ஜாரில்தான். கடையில் பொட்டல அரிசி மாவு வாங்குவதானாலும் 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். பெயர் அரிசி மாவு என்பதால் மட்டும் நம்பக்கூடாது.

மைதா செய்த வேலையை யார் செய்வது

சப்பாத்தி மாவை இழுத்தால் நீளுகிறதே, அந்த இழுவைதான் குளூட்டன். கேக்கில் அது காற்றுக் குமிழ்களைப் பிடித்து வைக்கும், பழங்களைத் தாங்கும், துண்டு போடும்போது உதிராமல் கட்டும். மைதாவை எடுத்துவிட்டு அதே அளவு அரிசி மாவைப் போட்டால் என்ன ஆகும்? என் முதல் கேக் அதுதான். வெந்தது, மணத்தது, கத்தி வைத்ததும் புட்டாக உதிர்ந்தது. வாயில் போட்டால் மணல்.

ஒரு ஆள் பார்த்த வேலைக்கு நாலு ஆள் வைக்கவேண்டும். கட்டிப் பிடிக்க முட்டையும் இசப்கோல் உமியும். ஆமாம், மலச்சிக்கலுக்கு மருந்துக்கடையில் வாங்குவோமே, அதே இசப்கோல்தான். தண்ணீர் பட்டதும் வழவழவென்று கூழாகி, குளூட்டன் போலவே மாவைப் பிணைக்கும். இரண்டு டீஸ்பூனுக்கு வயிறு ஒன்றும் செய்யாது, பயப்படவேண்டாம். மென்மைக்கும் ஈரத்துக்கும் பாதாம். உடம்புக்கு அரிசி. லேசான இழுவைக்கு ஜவ்வரிசி, அதாவது மரவள்ளி மாவு. சேலத்து ஜவ்வரிசி நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது வெளிநாட்டு டப்பாவில் 'டாபியோகா ஸ்டார்ச்' என்று நாலு மடங்கு விலைக்கு வாங்குவானேன்? வாங்கும்போது மாவு ஜவ்வரிசி என்று கேளுங்கள். கண்ணாடி மாதிரி இருக்கும் நைலான் ஜவ்வரிசி நைஸாக அரைபடாது.

கார்ன்ஃப்ளோரும் போடலாம். ஆனால் 'சோள மாவு' என்று கடையில் கேட்டால் ஒருவர் கார்ன்ஃப்ளோரைத் தருவார், இன்னொருவர் மக்காச்சோள மாவை, மூன்றாமவர் வெள்ளைச் சோளத்தை அரைத்த மாவை. மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும். கேழ்வரகு மாவைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அரிசியில் 30 கிராமைக் குறைத்துக் கேழ்வரகு போட்டால் நிறம் அருமையாக வரும். அதற்கு மேல் போனால் மண்வாசம் தூக்கி, மசாலா மணத்தை அமுக்கிவிடுகிறது. ஓட்ஸ் பக்கம் போகாதீர்கள். வயலிலும் ஆலையிலும் பெரும்பாலும் கோதுமையோடு கலந்தே வரும்.

வேண்டியவை

8 அங்குல வட்ட டின், 3 அங்குல உயரம். கிராம் தராசு கட்டாயம் வேண்டும். இந்த மாவுகளை டம்ளரில் அளந்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கேக் வரும்.

கறுப்பு உலர் திராட்சை 150 கிராம்
கிஸ்மிஸ் 100 கிராம்
உலர்ந்த அத்திப்பழம் 50 கிராம்
முந்திரி 50 கிராம்
கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 150 கிராம்
கமலா ஆரஞ்சு 5 அல்லது 6 (சாறு 230 மில்லி வேண்டும், இரண்டு பழத்தின் தோல் துருவலும்)
பச்சரிசி மாவு 120 கிராம், பழங்களைப் புரட்ட இன்னும் ஒரு ஸ்பூன்
ஜவ்வரிசி மாவு 40 கிராம்
பாதாம் பொடி 120 கிராம்
இசப்கோல் உமி 2 டீஸ்பூன்
உப்பில்லாத வெண்ணெய் 125 கிராம்
நாட்டுச் சர்க்கரை 120 கிராம்
கரமலுக்கு வெள்ளைச் சர்க்கரை 60 கிராம்
முட்டை 4
பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன்
மசாலா: பட்டை 2 அங்குலத் துண்டு, கிராம்பு 6, ஏலக்காய் 6, மிளகு 6, ஜாதிபத்திரி ஒரு இதழ், ஜாதிக்காய் கால் பாகம், சுக்குப்பொடி 1 டீஸ்பூன்

பேரீச்சையைப் பற்றி: நறுக்கிப் பொட்டலம் போட்டு வருவதை வாங்காதீர்கள். ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க அதில் மாவு தூவியிருப்பார்கள், எந்த மாவு என்று சிலவற்றில் சின்ன எழுத்தில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. முழுப் பழம் வாங்கி நாமே நறுக்குவோம். பேக்கிங் பவுடரிலும் ஈரம் உறிஞ்ச ஏதாவது ஒரு ஸ்டார்ச் உண்டு. கார்ன் ஸ்டார்ச் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். டூட்டி ஃப்ரூட்டி பிடிக்குமென்றால் கிஸ்மிஸில் பாதியைக் குறைத்துச் சேர்க்கலாம். அது பப்பாளிக்காய்தான், ஆனால் எனக்கென்னவோ அதன் பச்சையும் சிவப்பும் இந்தக் கேக்கில் ஒட்டுவதில்லை.

மூன்று நாள் முன்பு

பச்சரிசி 200 கிராமைக் களைந்து 2 மணி நேரம் ஊறவையுங்கள். வடித்து, சுத்தமான துணியில் நிழலில் பரப்புங்கள். தொட்டால் கையில் லேசாக ஈரம் தெரியவேண்டும், அரிசி ஒட்டக்கூடாது. அதிரசத்துக்குப் பார்ப்போமே, அதே பக்குவம். இந்த ஈரத்தோடு அரைத்தால்தான் மாவு பட்டுப்போல விழும். காய்ந்த அரிசியை அரைத்தால் மிக்ஸி என்னதான் ஓடினாலும் குருணை தங்கும். ஜாரில் பாதி மட்டும் போட்டு, விட்டு விட்டு அரைத்து, சலித்து, கப்பியை மறுபடி அரையுங்கள். பிறகு மாவை வாணலியில் சிறு தீயில் ஆவி அடங்கும்வரை மட்டும் புரட்டி, நிறம் மாறாமல் இறக்கி ஆறவையுங்கள். ஆறியதும் இன்னொரு சலிப்பு. எடை போடுவது இதற்குப் பிறகுதான்.

ஜவ்வரிசியைச் சூடு ஏறும்வரை வாணலியில் புரட்டி, ஆறவிட்டு, நைஸாக அரைத்துச் சலியுங்கள். சல்லடையில் நிற்பதைக் கஞ்சியில் போட்டுக்கொள்ளலாம், கேக்கில் மட்டும் வேண்டாம், பல்லில் தட்டும்.

பாதாமைக் கொதிநீரில் 5 நிமிடம் போட்டுத் தோலுரித்து, நன்றாகக் காயவைத்து அரையுங்கள். மிக்ஸியை ஒரேயடியாக ஓடவிட்டால் எண்ணெய் கக்கி வெண்ணெயாகிவிடும். அரிசி மாவில் ஒரு ஸ்பூன் கூடப் போட்டு, இரண்டிரண்டு நொடியாகச் சுற்றினால் பொடியாகவே நிற்கும். பாதாம் விலை கட்டுப்படியாகாது என்றால் பாதிக்குப் பாதி உடைத்த முந்திரி போடுங்கள். சுவையில் குறைவில்லை, கேக் இன்னும் கொஞ்சம் இளக்கமாக இருக்கும்.

மசாலாவைப் பொடியாக வாங்காதீர்கள். கோதுமை பயம் ஒருபுறம், மணம் இன்னொரு புறம். மளிகைக் கடையில் 'பட்டை' என்று கிடைக்கும் தடித்த, கெட்டியான துண்டு பெரும்பாலும் காசியா என்ற வேறொரு மரத்தின் பட்டை. இலங்கைச் சுருள் பட்டை மெல்லிய ஏடுகளாகச் சுருண்டு, விரலால் நொறுக்கினாலே உடையும். அதில் காரம் குறைவு, இனிப்பு வாசம் அதிகம், கேக்குக்கு அதுதான். கிராம்பில் கை அடக்கம் வேண்டும். எங்களுக்குப் பக்கத்தில் கன்னியாகுமரி மலைகளில் விளையும் கிராம்பு, மொட்டை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசியும். அது கிடைத்தால் 4 போதும். ஜாதிக்காயும் அப்படித்தான், கூடினால் கசக்கும். இத்தனை கொஞ்சத்தை மிக்ஸி அரைக்காது, ஜாரின் அடியில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு ஸ்பூன் நாட்டுச் சர்க்கரையை (அளவிலிருந்தே எடுத்து) கூடப் போட்டால் சுகமாக அரைபடும். சுக்குப்பொடியைக் கடைசியில் கலந்து மூடிவையுங்கள்.

முந்தின இரவு

திராட்சை, கிஸ்மிஸ், நறுக்கிய அத்தி மூன்றையும் வெதுவெதுப்பான நீரில் அலசி வடியுங்கள். 80 மில்லி ஆரஞ்சுச் சாற்றைக் கொதிக்கவைத்து அவற்றின் மேல் ஊற்றி, ஒரு புரட்டுப் புரட்டி மூடிவிடுங்கள். காலையில் பழம் சாற்றைக் குடித்துக் குண்டாகியிருக்கும். மூன்று மாதம் ரம்மில் ஊறவைக்கும் வீடுகள் இருக்கின்றன. ரம் கரும்பிலிருந்து வருவது, குளூட்டன் கணக்கில் தடையில்லை. குழந்தைக்கான கேக் என்பதால் நான் சாற்றோடு நிறுத்திக்கொண்டேன். மாதக்கணக்கில் ஊறிய பழத்தின் ஆழம் இதில் இருக்காதுதான், அந்தக் குறையைக் கரமல் பாதி சரிக்கட்டும்.

முட்டையையும் வெண்ணெயையும் இரவே வெளியே எடுத்து வைக்கவேண்டாம். காலையில் ஒரு மணி நேரம் முன்பு போதும். நம் ஊர் வெயிலில், டிசம்பரானாலும், வெண்ணெய் உருகிப்போனால் நுரைக்காது.

சுடும் நாள்

கரமலில் தொடங்குவோம். அடிகனமான பாத்திரத்தில் 60 கிராம் வெள்ளைச் சர்க்கரையை ஒரு ஸ்பூன் தண்ணீரோடு நடுத்தரத் தீயில் வையுங்கள். கிண்டாதீர்கள், பாத்திரத்தைச் சாய்த்துச் சுழற்றினால் போதும். தேன் நிறம் வரும், அதில் நிறுத்தினால் வெறும் இனிப்புதான். கருப்பட்டி நிறம் வந்து முதல் புகை கிளம்பும் நொடியில் அடுப்பை அணைத்து, 70 மில்லி கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். சீறும், தெறிக்கும். கையைத் தள்ளி வைத்துக்கொண்டு நீளக் கரண்டியால் ஊற்றவும். பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக்கூடாத ஒரே கட்டம் இதுதான்.

இதிலேயே 150 மில்லி ஆரஞ்சுச் சாற்றையும் நறுக்கிய பேரீச்சையையும் போட்டு 5 நிமிடம் கொதிக்கவிட்டு மசித்துக்கொள்ளுங்கள். சாத்துக்குடிச் சாறு வேண்டாம், சூடுபட்டால் கசக்கும். நன்றாக ஆறட்டும், விரலை வைத்தால் சூடே தெரியக்கூடாது. சூட்டோடு மாவைப் போட்டீர்களானால் கையில் இருப்பது களி. ஆறியதும் ஆரஞ்சுத் தோல் துருவல், இசப்கோல், அரிசி மாவு, ஜவ்வரிசி மாவு எல்லாவற்றையும் போட்டுக் கட்டியில்லாமல் கலக்கி, மூடி, அரை மணி நேரம் விடுங்கள். தோலைத் துருவும்போது மேலே உள்ள ஆரஞ்சு நிறம் மட்டும் வரட்டும், வெள்ளைப் பகுதி கசப்பு.

இந்த அரை மணி நேரத்தைத்தான் நான் முதல் நாலு கேக்கிலும் தவறவிட்டேன். மைதா தண்ணீரைக் கண்டதும் குடிக்கும், அரிசி மாவு மெல்லக் குடிக்கும். குடிக்க நேரம் கொடுக்காமல் ஓவனில் ஏற்றினால் உள்ளே காய்ந்த துகளாகவே வெந்து, நறநறவென்று பல்லில் கடிபடும். முழு மாவையும் கலந்துவிட்டு ஊறப்போட்டும் பார்த்தேன், பேக்கிங் பவுடரின் பொங்கல் வீணாய்ப் போனது. அரிசியை மட்டும் தனியே ஊறவைக்கும் யோசனை, சொன்னால் சிரிப்பீர்கள், ஆப்பத்துக்கு அரைக்கும்போது வந்தது. ஊறியபின் இந்த விழுது அடை மாவைவிடக் கெட்டியாக இருக்கும். கரண்டியே நகரவில்லை என்றால் இரண்டு ஸ்பூன் சாறு விடலாம்.

அது ஊறும் நேரத்தில் டின்னுக்கு அடியிலும் சுற்றிலும் இரண்டு அடுக்கு பட்டர் தாள் போடுங்கள், விளிம்புக்கு மேல் ஓர் அங்குலம் நிற்கட்டும். ஓவனை 160 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் சூடேற்றுங்கள். ஓடிஜி என்னும் சின்ன மின் ஓவனின் திருகு காட்டும் எண்ணை அப்படியே நம்பவேண்டாம், என்னுடையது 20 டிகிரி கூடக் காட்டியது. உள்ளே தொங்கவிடும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கினால் பல கேக்குகள் பிழைக்கும்.

ஊறிய பழங்களை வடித்து ஒரு ஸ்பூன் அரிசி மாவில் புரட்டுங்கள். சாறு மிஞ்சியிருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், வேலை இருக்கிறது. பாதாம் பொடி, மசாலா, பேக்கிங் பவுடர், சோடா, உப்பு ஐந்தையும் ஒன்றாகச் சலியுங்கள்.

வெண்ணெயையும் நாட்டுச் சர்க்கரையையும் வெளிறி நுரைக்கும்வரை 5 நிமிடம் அடியுங்கள். பாத்திரம் வெதுவெதுப்பாகிவிட்டால் குளிர்ந்த நீர்த் தட்டில் வைத்து அடிக்கலாம். முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒன்று கலந்தபின் அடுத்தது. மூன்றாவது முட்டையில் திரிந்ததுபோல் தோன்றலாம். சலித்த பொடியில் ஒரு ஸ்பூன் போட்டு அடித்தால் கூடிவரும். பிறகு ஊறிய அரிசி விழுதை மூன்று தவணையாக. பிறகு சலித்த பொடி முழுதும்.

மைதாக் கேக் சுட்டுப் பழகியவர்களுக்கு இங்கே கை நடுங்கும், "ரொம்பக் கலக்காதே" என்று காதில் குரல் கேட்கும். கலக்கலாம். குளூட்டன் இருந்தால்தானே இழுவை ஏறி ரப்பராகும்? தாராளமாக ஒரு நிமிடம் அடியுங்கள், காற்று உள்ளே போகட்டும். மாவு இட்லி மாவைவிடக் கெட்டியாக, உளுந்து வடை மாவைவிடத் தளர்வாக இருக்கவேண்டும். கரண்டியைத் தூக்கினால் ஓடாமல் கட்டியாகத் தயங்கி விழும். அந்தப் பக்குவம் வந்தால்தான் பழம் அடியில் போய் உட்காராது, அரிசி மாவில் புரட்டுவது உபகாரம் மட்டுமே. கடைசியில் பழங்களும் உடைத்த முந்திரியும்.

டின்னில் ஊற்றி, ஈரக் கரண்டியால் மேலே சமன் செய்து, நடுவில் லேசாகக் குழிவாக்குங்கள். இரண்டு தட்டு தட்டி, ஓவனின் கீழ்த்தட்டில் வையுங்கள். முதல் 20 நிமிடம் 160 டிகிரி, பிறகு 150 டிகிரியில் 60 முதல் 70 நிமிடம். முதல் முக்கால் மணி நேரம் கதவைத் திறக்கவே கூடாது. அப்புறம் மேலே நிறம் ஏறியிருந்தால் அலுமினியத் தாளைக் கூடாரம்போலக் கவிழ்த்துவிடுங்கள். நடுவில் கரண்ட் போனால் பதறாதீர்கள். கதவு மூடியிருந்தால் பத்து நிமிடம்வரை தாங்கும். திறந்து பார்ப்பதுதான் கெடுக்கும்.

வெந்ததா என்று எப்படித் தெரியும்? ஈர்க்குச்சி இந்தக் கேக்கில் பொய் சொல்லும், பேரீச்சையில் குத்தி ஒட்டிக்கொண்டு வந்தாலும் வேகவில்லை என்று தோன்றும். சமையல் வெப்பமானி இருந்தால் நடுவில் 96 முதல் 98 டிகிரி. இல்லையென்றால் காதைக் கிட்டக் கொண்டுபோங்கள். வேகும் பழக் கேக் உள்ளே மெல்லச் சலசலத்துக்கொண்டே இருக்கும், ஈரம் கொதிக்கும் சத்தம். அது ஏறக்குறைய அடங்கி, ஓரம் தாளைவிட்டு விலகி, நடுவில் விரலால் அழுத்தினால் நிமிர்ந்தால் வெந்துவிட்டது.

ஓவன் இல்லாதவர்கள் மாவை இரண்டு 6 அங்குல டின்னில் பிரித்து, ஒவ்வொன்றாக அடிகனமான குக்கரில் சுடலாம். கேஸ்கெட்டையும் விசிலையும் கழற்றி, அடியில் உப்பு பரப்பி, மேலே ஸ்டாண்டு வைத்து, 10 நிமிடம் சூடேற்றி, சிறு தீயில் 55 நிமிடம் வரை. முதலாவது வேகும்வரை இரண்டாவது டின் காத்திருக்கும் என்பதால் அது கொஞ்சம் அமுக்கமாகவே வரும். மேலே நிறம் பிடிக்காது, சுவைக்குக் குறையில்லை. முட்டை இல்லாமல் இதைச் செய்ய நான் நாலு முறை முயன்று நாலு முறையும் தோற்றேன், ஆகவே அதைப் பற்றி எழுதமாட்டேன்.

பொறுமை, பிறகு கத்தி

மைதாக் கேக் ஓவனைவிட்டு வரும்போதே தன் காலில் நிற்கும். இது அப்படியில்லை, ஆறும்போதுதான் இறுகுகிறது. டின்னிலேயே 2 மணி நேரம் விடுங்கள். மிஞ்சிய சாற்றை, சூடு இருக்கும்போதே, மேலே ஸ்பூனால் தெளியுங்கள். முழுக்க ஆறியபின் தாளோடு தூக்கி, இன்னொரு தாளில் சுற்றி, டப்பாவில் ஓர் இரவு. மறுநாள்தான் வெட்டவேண்டும். அன்றைக்கே வெட்டினால் உதிரும், மசாலாவும் தனித்தனியாக நிற்கும், கிராம்பு ஒரு பக்கம் சுக்கு ஒரு பக்கம். மறுநாள் எல்லாம் ஒன்றாகிவிடும்.

வெளியே 4 நாள் தாங்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் பழைய சோறு மாதிரி அரிசி விறைத்துக்கொள்ளும், கெட்டுப்போகவில்லை, லேசாகச் சூடுபடுத்தினால் மறுபடி இளகும். நாள்பட வைக்க ஃப்ரீசர்தான் மேல். துண்டு போட்டுத் தாள் சுற்றி வைத்தால் 2 மாதம். என் அக்கா ஒரு துண்டு எடுத்துக் காலையில் பள்ளி டப்பாவில் போடுவாள், இடைவேளைக்குள் சரியாகிவிடும்.

தப்பினால் எங்கே தப்பியது என்று கேக்கே சொல்லும். நடு அமுங்கியிருந்தால் வேகுமுன் இறக்கியிருக்கிறீர்கள், அல்லது பேக்கிங் பவுடர் கூடியிருக்கிறது. அடியில் களிபோல ஒரு கோடு ஓடினால் தண்ணீர் அதிகம், பழத்தைச் சரியாக வடிக்கவில்லை. உதிர்ந்தால் இசப்கோல் பழசு, அல்லது அவசரப்பட்டு வெட்டிவிட்டீர்கள். மேலே வெடித்து மலைபோல் எழும்பினால் ஓவன் சூடு அதிகம். வெடித்த கேக்கைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பரிமாறுவது எங்கள் வீட்டு வழக்கம்.

இன்னும் ஒன்று, சுட்டு முடித்தவர்கள் மறப்பது. கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டில் முறுக்கும் அதிரசமும் அரிசிதான் என்றாலும் கலகலா மைதா. அதன் பக்கத்தில் இந்தக் கேக்கை அடுக்கினால் மூன்று நாள் பட்ட பாடு ஒரு நொடியில் போச்சு. தனி டப்பா, தனித் தட்டு, தனிக் கத்தி. வருகிறவர்கள் பேச்சு சுவாரசியத்தில் எந்தக் கத்தியையும் எடுத்து எந்தக் கேக்கையும் வெட்டுவார்கள். அதனால் எங்கள் வீட்டில் இந்தக் கத்தியின் பிடியில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். போன கிறிஸ்துமஸில் என் அண்ணன் மற்ற கேக்கை வெட்ட அதை எடுக்கப்போனார். "மாமா, அது என் கத்தி" என்று வாய் நிறையக் கேக்கோடு ஒரு குரல் வந்தது.